பன்னி, குரங்கு, பன்னிரண்டு போர்

துவக்குக் கடைக்காரனோடு எவரும் சண்டைக்கு வரமாட்டார்கள் என்று நினைத்துத்தான் நான் வாப்பாவின் கடையில் உட்கார்ந்தேன். பிறகுதான் தெரிந்தது, கடைக்கு வருகிறவர்களிடமும் துவக்கு இருக்கிறது.

புடவைக்கடை, செருப்புக்கடை, மருந்துக்கடை வைத்திருக்கும் சகோதரர்களே, கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிப்போன சகோதரிகளே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்களிடம் வருகிறவர் நிறம் சரியில்லை, அளவு சரியில்லை என்பார். அவ்வளவுதான். என்னிடம் வருகிறவர் காட்டுப்பன்றியின் தோல் எவ்வளவு தடிப்பு, குரங்கு எதற்குப் பயப்படும், வெள்ளைக்காரன் ஏன் இந்தத் தோட்டாவுக்கு இந்த நம்பரை வைத்தான் என்பது வரைக்கும் தர்க்கம் செய்துவிட்டு, கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் வாங்கியதையே வாங்கிக்கொண்டு போவார்.

கடை கண்டிச் சந்தைக்குப் பின்னால் ஒரு குறுக்குத் தெருவில். ஒரு கண்ணாடி மேசை, சில கதிரைகள், இரும்பு அலுமாரி. நான் தினமும் மடவளையிலிருந்து பஸ்ஸில் வந்து திறப்பேன். லைசன் சம்பந்தமான எழுத்து வேலையெல்லாம் பிலோமினா அக்கா. அம்பிட்டியவில் இருந்து வருகிறார். வாப்பா காலத்திலிருந்து இருப்பதால் என்னை ஒருநாளும் முதலாளி என்று கூப்பிட்டதில்லை. தம்பிதான். வருகிறவர்கள் பெரும்பாலும் பயிரைக் காப்பாற்ற லைசன் எடுத்துப் பன்னிரண்டு போர் அளவுத் துவக்கு வைத்திருக்கும் தோட்டக்காரர்கள். அவர்களில் பலர் சிங்களத்தில் பேசியதை இங்கே நான் தமிழில் தருகிறேன். ருசி கொஞ்சம் குறைந்திருந்தால் மன்னியுங்கள்.

தலைகீழ் எண்

திகன பக்கத்தில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் குணபால வந்தார். "போனதரம் நாலாம் நம்பர் தந்தீங்க. பக்கத்துத் தோட்டக்காரன் ஆறு வச்சிருக்கான். எனக்கு எட்டு வேணும்" என்றார். முகத்தைப் பார்த்தால் பக்கத்துத் தோட்டக்காரனை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் ஓய்வார் போல இருந்தது.

எங்கள் தொழிலில் இது தினமும் வரும் தலைவலி. தோட்டாவுக்குள்ளே சன்னங்கள் என்கிற சின்ன ஈயக் குண்டுகள் இருக்கும். நம்பர் கூடக்கூடச் சன்னம் சின்னதாகும். துவக்கின் வாயும் அப்படித்தான், பதினாறு போரை விடப் பன்னிரண்டு போர்தான் பெரிது. இதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று, பிலோமினா அக்கா தன் சந்தைப் பையிலிருந்து மிளகும் கடுகும் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். "இது நாலு, இது எட்டு. எது வேணும்?" என்றார். குணபால மிளகைப் பார்த்தார், கடுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஏன் இப்படி என்று கேட்டார். வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனது, எனக்கும் தெரியாது என்றேன். நாலையே வாங்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர் திரும்பி நின்றார்.

"அவன் போயும் இத்தனை காலம், நாங்க இன்னும் தலைகீழாத்தானே எண்ணிக்கொண்டிருக்கோம் முதலாளி!"

மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?

எனக்குக் கலியாணம் பேசியபோது பெண் வீட்டார் தெல்தெனியவில் இருந்து வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு என்ன வியாபாரம் என்று கேட்டதும் எங்கள் வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துவக்குக் கடை என்றால் யார் பெண் கொடுப்பார்கள்? பெரியப்பா சமாளித்தார். "விவசாயிகளுக்குப் பயிர்ப் பாதுகாப்புப் பொருள் விக்கிறார்" என்றார். அவர்கள் பூச்சிமருந்து என்று நினைத்துச் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள்.

நிச்சயம் பண்ணிய பிறகு மாமி ஒருநாள் சாமான் வாங்கக் கண்டிக்கு வந்தவர், சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குள் வந்துவிட்டார். சுவரில் பன்றிப் படம் போட்ட பெரிய விளம்பரத் தாள். கதிரையில் இருந்த ஒருவர், போன கிழமை பன்றி எந்தப் பக்கத்தால் வந்தது, எந்தப் பக்கத்தால் போனது என்று கையை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். கலியாணம் இதோடு சரி என்று முடிவே பண்ணிவிட்டேன். மாமி பிளேன்டீ குடித்தார். பிலோமினா அக்காவிடம் கடையில் எது அதிகம் போகும் என்று விசாரித்தார். வீட்டுக்குப் போய்த் தன் மகளிடம் சொன்னதை, கலியாணத்துக்குப் பிறகு என் மனைவிதான் எனக்குச் சொன்னாள்.

"பயப்படாத மகள். பன்னிய தின்னாம, பன்னியால சோறு தின்னிய ஒரே மனிசன் ஒனக்குக் கெடச்சீக்கிறார்."

ஆறு தசம் ஐந்து

கட்டுகஸ்தோட்டைப் பிள்ளை ஃபர்ஹான் கொழும்பில் கம்ப்யூட்டர் கம்பனியில் வேலை. தகப்பன் மௌத்தான பிறகு தோட்டமும் பன்னிரண்டு போர் துவக்கும் அவன் பெயருக்கு வந்தன. வந்தவன் கதிரையில் உட்காரக்கூட இல்லை.

"நானா, ஆறு தசம் ஐந்து இருக்கா?"

நான் முதலில் அது வட்டி வீதம் என்றுதான் நினைத்தேன். அவன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தான். வெளிநாட்டில் ஒருவர் மலை உச்சியில் படுத்துக்கொண்டு, கண்ணுக்கே தெரியாத ஒரு மானைச் சுடுகிறார். இப்போது வெளிநாட்டு வேட்டைக்காரர்கள் மத்தியில் இந்த ரைஃபிள் அளவுதானாம் மோஸ்தர். முன்பு முன்னூற்றெட்டாம், அதற்கு முன்பு இன்னொன்றாம், இப்போது அதையெல்லாம் கையால் தொடுகிறவன் கிழவனாம். இதுவும் பழசாகிவிடும், அடுத்தது வந்துகொண்டிருக்கிறதாம். கைப்பேசி மாற்றுகிற மாதிரி தோட்டா மாற்றுகிறார்கள். காற்று, வளைவு, வேகம் என்று எனக்கு ஒரு வகுப்பே எடுத்தான். பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு, "மிளகுத் தோட்டத்துக்கு ரைஃபிள் லைசன் தரமாட்டாங்க மகன். அத விடு. ஒங்கட தோட்டத்துல பன்னி எங்க நிக்கும், நீ எங்க நிப்பாய்?" என்று கேட்டேன். யோசித்தான். குசினி ஜன்னலில் இவன், கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் பன்றி. நடுவில் உம்மா துணி காயப்போடும் கயிறு. ஆயிரம் கெஜம் தூரம் போகும் தோட்டாவை வைத்து அங்கே என்ன செய்வது என்றேன். அவன் முகம் விழுந்துவிட்டது. எனக்கே பாவமாகப் போயிற்று. கொஞ்ச நேரம் கைப்பேசியைத் தடவிக்கொண்டு நின்றவனுக்குத் திடீரென்று கண் பளிச்சென்றது.

"அப்ப நானா, நான் எதிர் மலைக்குப் போய் நிண்டு எங்கட வீட்டப் பாத்துச் சுட்டா?"

தெல்தெனியவில் நாலாம் நம்பர்

ஒரு வருஷம் தெல்தெனியப் பக்கமிருந்து வந்த எல்லோருமே நாலாம் நம்பர் தோட்டாதான் கேட்டார்கள். பன்றிக்குப் பெரிய சன்னம் போட்ட எஸ்.ஜி. தோட்டாதான் எப்போதும் போகும். அது அலுமாரியில் தூசி பிடித்துக் கிடந்தது. விசாரித்தால், விமலசேன என்ற ஒருவர் நாலாம் நம்பரால் ஒரே வெடியில் மலை மாதிரி ஒரு பன்றியை விழுத்தினாராம். ஊரே போய்ப் பார்த்ததாம். சந்தைக்கு வருகிறவர், பஸ் கொண்டக்டர், பௌத்தப் பன்சலைக்குப் பூக்கொண்டு போகிறவர் என்று எல்லோரும் நாலாம் நம்பரின் மகிமை பேசினார்கள். நான் எஸ்.ஜி.யைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால், பழைய சரக்கைத் தள்ளப் பார்க்கிறான் என்று சிரித்தார்கள். கடைசியில் நானும் நாலாம் நம்பரை அள்ளிக்கொண்டு வந்து அடுக்கினேன்.

அடுக்கி முடித்த கிழமையில் விமலசேனவே வந்தார். கதாநாயகனுக்குக் கதிரை போட்டு உபசரித்தேன். பிலோமினா அக்கா தேத்தண்ணிக்கு ஆள் அனுப்பினார். அவர் அங்கும் இங்கும் பார்த்துவிட்டு, மெதுவான குரலில் எஸ்.ஜி. கேட்டார். நீங்கள்தானே நாலாம் நம்பரால் விழுத்தினீர்கள் என்றேன். மனிதர் கதிரையை என் பக்கம் இழுத்தார்.

"அது ஏற்கெனவே என்ட பாழுங்கிணத்துக்குள்ள விழுந்து கிடந்தது முதலாளி. அது மட்டும் வெளிய வந்திருந்தா, நான் உள்ளுக்குப் போயிருப்பேன்."

பதினாறு போர்

பதினாறு போர் துவக்கு இப்போது அநேகமாக யாரிடமும் இல்லை. ஆகவே அதற்குத் தோட்டாவும் வருவதில்லை. இந்த உண்மையை ஏற்றுக்கொள்ளாத ஒரே மனிதர், இன்னும் ஒன்றை வைத்திருக்கும் டிக்கிரி பண்டா. லைசன் புதுப்பிக்கக் கண்டிக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து பதினாறு போர் தோட்டா கேட்பார். இல்லை என்றதும், நான் வேண்டுமென்றே ஒளித்து வைத்திருப்பது போல அலுமாரியை ஒரு பார்வை பார்ப்பார். ஒருநாள் பிலோமினா அக்கா பொறுக்கமுடியாமல், "அதக் குடுத்துட்டுப் பன்னிரண்டு போர் ஒண்ணு எடுங்களேன் மாத்தயா, ஊரெல்லாம் அதுதானே" என்றுவிட்டார். டிக்கிரி பண்டா தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"என்ட துவக்கை இதுவரைக்கும் ஒருத்தனும் களவெடுத்ததில்ல நோனா. எடுத்தாலும், தோட்டாவுக்கு எங்க போவான்?"

திறக்காத பெட்டி

அம்பிட்டியவில் பிலோமினா அக்காவின் மாதா கோயிலுக்கு வருகிற ஓர் அம்மா. பெயர் ரீட்டா. புருஷன் தேயிலைத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், அண்மையில்தான் காலமானார். அவர் பெயரில் இருந்த ரைஃபிளை ஒப்படைக்க வேண்டும், அதற்கு முன் அது என்ன அளவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பொலிஸ்காரர் ஒருவர் துணையோடு கொண்டுவந்தார். உறையைக் கழற்றினால் முன்னூற்று எழுபத்தைந்து! ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைமார் யானைக்கு வைத்திருந்த அளவு. துரைமார் போகும்போது நம்பிக்கையான ஆட்களுக்குக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தக் காலத்தில் இந்த நம்பரைச் சொன்னாலே ஆட்கள் எழுந்து நிற்பார்களாம். இன்று என் கடைக்கு வருகிறவர்களிடம் சொன்னால் அது எந்த பஸ் நம்பர் என்று கேட்பார்கள்.

ரீட்டா அம்மா கதை சொல்லத் தொடங்கினார். தேயிலை மலையில் ஆள் பிடித்த சிறுத்தைப்புலியை அவர் புருஷன் இந்தத் துவக்கால் எதிர்கொண்ட கதை. ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் சொல்வாராம். சொல்லச் சொல்லப் புலி வளர்ந்துகொண்டே போனதாம். நான் குழலுக்குள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். கண்ணாடி. ஒரு கீறல்கூட இல்லை. துவக்கோடு வந்த தோட்டாப் பெட்டியை எடுத்தேன். கம்பனிக் கடதாசி ஒட்டியபடியே இருந்தது. ஒருவரும் திறந்ததே இல்லை. பிலோமினா அக்கா அதைப் பார்த்துவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமலிருக்க, எழுதி முடித்த கடிதத்தை மறுபடியும் எழுதத் தொடங்கினார்.

"இதுல சுட்டிருக்காரா தம்பி?" என்று அம்மா கேட்டார். அந்த மனிதர் மண்ணுக்குள் போய் இன்னும் புல்கூட முளைத்திருக்காது. "ரொம்ப நல்லா பாத்து வச்சிருந்திருக்கிறார் அம்மா" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். முகம் கோணியது. அழப்போகிறார் என்று நான் தண்ணீர்ப் போத்தலைத் தேட, அவர் சிரிக்கத் தொடங்கினார். கதிரை ஆடும்படி சிரித்தார். பொலிஸ்காரர் வாசலில் இருந்து எட்டிப் பார்த்தார். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது அதில் எவ்வளவு சிரிப்பு, எவ்வளவு அழுகை என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"அந்தப் புலி நல்லா பொழச்சுப் போகட்டும் தம்பி. ஆனா எங்க வீட்டுச் செவத்துல தொங்குற மரைக்கொம்ப அந்த மனுசன் யாருகிட்ட வாங்கினாருன்னு மட்டும் எனக்குத் தெரியணும்!"

குரங்குக்கு ஏற்ற அளவு

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த வங்கி மனேஜர் சிவலிங்கம் ஐயா, அம்பிட்டிய மேட்டில் வாடகை வீட்டில் இருந்தார். நெற்றியில் திருநீறு, கையில் குடை. குரங்குகள் அவருடைய வாழைக்குலையைத் தின்றன, தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து குளித்தன. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டாராம். அன்று காலை சாமியறை ஜன்னலால் கையை விட்டு, பூசைக்கு வைத்த மோதகத்தை எடுத்து, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றதாம் ஒரு கடுவன், ஆண்குரங்கு. அதோடு பொறுமை போய்விட்டது.

"காற்றுத்துவக்கு எண்டு ஒண்டு இருக்காமே, அதில என்னென்ன அளவு?" என்றார். இப்போது அதுதான் எல்லோரும் கேட்பது. குரங்குத் தொல்லை கூடக்கூட, பன்றித் தோட்டாவைப் பற்றிய பேச்சுக் குறைந்து காற்றுத்துவக்குப் பேச்சாகிவிட்டது. முதலில் அனுமதி விஷயத்தைச் சொன்னேன். பிறகு, அங்குலத்தில் தசம் இரண்டு இரண்டு என்று ஓர் அளவு, அதைவிடச் சின்னதாகத் தசம் ஒன்று ஏழு ஏழு என்று ஓர் அளவு என்றேன். "சின்னது பட்டாலும் நோகுமோ?" என்றார். ஓம் ஐயா, நோகும் என்றேன். "காயம் வருமோ?" வரும். "கண்ணில பட்டால்?" நான் கண்ணாடி மேசையைத் துடைத்தேன். அவர் குடையைத் தரையில் ஊன்றி, அதன் பிடியில் இரண்டு கையையும் வைத்து யோசித்தார். அந்தக் குரங்குக்கு ஒரு குட்டியும் இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குட்டி இருந்தால் அது கடுவனாக இருக்காதே என்று நான் சொல்ல நினைத்து, விட்டுவிட்டேன். கடைசியில் தலையை நிமிர்த்தினார்.

"அதுக்கு நோகக்கூடாது தம்பி. ஆனால் வெக்கம் வரவேணும். அப்பிடி ஏதும் அளவு இருக்கோ?"

நான் போன ஒரே வேட்டை

துவக்குக் கடைக்காரன் பெரிய வேட்டைக்காரன் என்று எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. மிட்டாய்க் கடைக்காரன் நாள் முழுக்க மிட்டாய் தின்கிறானா என்று யாரும் யோசிப்பதில்லை. என் மனைவியின் தம்பி ஃபாஹிம் தெல்தெனியவில் மரவள்ளி போட்டிருந்தான். கடன் வாங்கிப் போட்ட பயிர். பன்றிகள் ஒவ்வொரு பாத்தியாகக் கிளறிக்கொண்டு வந்தன. இன்னும் சில நாள் போனால் கிளற ஒன்றும் மிஞ்சாது. அவன் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் என் மனைவி, "நீங்க போய் ஒருக்கா என்னண்டு பாருங்களே" என்றாள். மறுக்க முடியுமா?

அங்கே போனால் நிபுணர் வருகிறார் என்று அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் கூடியிருந்தார்கள். எஸ்.ஜி.யா, அதைவிடப் பெரிய சன்னம் போட்ட எல்.ஜி.யா என்று கேட்டார்கள். நான் வரம்பில் நின்று, காட்டைப் பார்த்து, காற்றுக்கு விரலைக் காட்டி, தொண்டையைச் செருமி, "எஸ்.ஜி." என்றேன். ஆகா என்றார்கள். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு நானும் ஃபாஹிமும் தோட்டத்து மேல் எல்லையில் ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தோம். துவக்கு அவனுடையது, லைசனும் அவனுடையது, அறிவுரை மட்டும் என்னுடையது. முன்னால் காடு. பன்றி அங்கேயிருந்துதான் வரவேண்டும். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. எனக்குப் பசித்தது. என் மனைவி கட்டித்தந்த இடியப்பப் பார்சலைப் பிரித்தோம். ஃபாஹிம் தோட்டாவைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டு, துவக்கைப் பாறையில் சாய்த்து வைத்தான். ஒழுங்கான பிள்ளை.

பன்றி பின்னாலிருந்து வந்தது. காட்டிலிருந்து இல்லை, ஊர்ப் பக்கத்திலிருந்து, நாங்கள் வந்த அதே பாதையால், குட்டிகளோடு. அது ஒருதரம் உறுமியது. பிறகு நடந்தது எனக்குச் சரியாக நினைவில்லை. பார்த்தால் நான் ஒரு பலாமரத்தில் இருக்கிறேன், என் ஒரு செருப்பு கீழே இருக்கிறது. ஃபாஹிம் பக்கத்துக் கொய்யா மரத்தில். அந்த மரம் அவனைத் தாங்கலாமா விடலாமா என்று ஆடிக்கொண்டிருந்தது. தாய்ப்பன்றி துவக்கை மோந்து பார்த்துவிட்டு மூக்கால் தள்ளிவிட்டது. குட்டிகள் இடியப்பத்தில் தொடங்கின. விழுந்தால் என் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள் என்று நான் தெரிந்த ஓதலையெல்லாம் ஓதிக்கொண்டிருந்தேன். அந்திநேர மஃரிப் பாங்கு கேட்கும் வரைக்கும் இறங்கவில்லை. அதற்குள் அவை பார்சலை முடித்து, மரவள்ளியில் கொஞ்சத்தையும் முடித்து, தாமாகவே போயிருந்தன. அடுத்த கிழமை ஃபாஹிம் என் மனைவியின் யோசனைப்படி பழைய தகரத்தால் வேலி அடித்தான், மிச்சப் பயிர் தப்பியது. ஆனால் அன்று, குட்டிகள் இடியப்பத்தைத் தின்றுகொண்டிருந்த நேரத்தில், கொய்யா மரத்திலிருந்து அவன் மெதுவான குரலில் என்னிடம் கேட்டதை மட்டும் நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"மச்சான், இந்தப் பன்னிக்கு எந்த நம்பர் நல்லம்ண்டு செல்லுங்களே?"

எஸ்.ஜி.யும் எல்.ஜி.யும்

மடவளைக் காதர் நானாவும் தெல்தெனிய அப்புஹாமியும் என் கடையில்தான் சிநேகமானார்கள். சிநேகம் என்றால் சண்டை. காதர் நானா எஸ்.ஜி. கட்சி. சன்னம் கொஞ்சம் சின்னதாக இருந்தாலும் எண்ணிக்கை கூட, ஒன்றாவது படும் என்பார். அப்புஹாமி எல்.ஜி. கட்சி. சன்னம் பெரிது, பட்டால் போதும் என்பார். இருவரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நாளில் வருவார்கள், கதிரையை எதிரெதிரே போட்டுக்கொள்வார்கள், பிளேன்டீ ஆறிப்போகும் வரைக்கும் கத்துவார்கள். டொலர் தட்டுப்பாட்டில் இரண்டுமே வராமல் போன காலத்தில்கூட, இல்லாத தோட்டாவுக்காக வந்து சண்டை பிடித்தார்கள்.

பிறகு காதர் நானாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆபத்துக் கட்டம் தாண்டிவிட்டது, ஆனால் மனிதர் பேசுகிறார் இல்லை, சாப்பிடுகிறார் இல்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார் என்று மகள் எனக்குப் போன் கோல் எடுத்து அழுதாள். அப்புஹாமிக்குச் சொன்னேன். அடுத்த பஸ்ஸிலேயே ஒரு குலை செவ்விளநீரோடு வந்துவிட்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். காதர் நானாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினார். பிறகு அவர் குனிந்து காதர் நானாவின் காதுக்குள், "காதர், நான் நல்லா யோசிச்சுப் பாத்தேன். எல்.ஜி.தான் சரி" என்றார்.

காதர் நானாவின் ஒரு கண் திறந்தது. "ஒனக்குப் பைத்தியமா?" என்றார். குரல் கரகரத்தது, ஆனால் குரல்தான். அப்புஹாமி விடவில்லை. காதர் நானா தலையணையில் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். சத்தம் ஏறியது. பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டுப்போட்டுக் கிடந்த மாத்தளைக்காரர் ஒருவர், இரண்டும் சரியில்லை என்று நடுவில் புகுந்தார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள், அந்தச் சண்டைக்கு நடுவே ஒரு கரண்டி கஞ்சியை வாப்பாவின் வாய்க்குள் வைத்தாள். அவர் கவனிக்காமலே விழுங்கினார். கரண்டி மேல் கரண்டியாகக் கஞ்சி முடிந்தது. அதற்குள் நர்ஸ் அம்மா ஓடிவந்து, இடுப்பில் கை வைத்து எங்கள் எல்லோரையும் முறைத்தார். வெறும் கஞ்சிக் கோப்பையைப் பார்த்தார். குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"துவக்குப் பேச்செல்லாம் இங்க கூடாது, எழும்பி வெளிய போங்க. நாளைக்குக் காலையில கஞ்சி குடுக்கிற நேரத்துக்கு வந்துடுங்க."

இத்தனை காலத் தோட்டா வியாபாரத்தில் நான் கண்டது என்னவென்றால், பன்றிகள் பெருகிக்கொண்டிருக்கின்றன, குரங்குகளும் பெருகிக்கொண்டிருக்கின்றன, கண்டிப் பக்கத்தில் குறைந்துகொண்டே போவது என் தலைமயிர் ஒன்றுதான்.